போக மட்டும் டிக்கெட்: ஐரிஷ் கைதியும் ஊரில் விட்ட குடும்பமும்

"ஏழு வருஷம் நாடுகடத்தல்" என்று ஒரு பழைய தீர்ப்பில் படித்தால் என்ன நினைப்போம்? ஏழு வருஷம் எங்கேயோ கொண்டுபோய் வைத்திருப்பார்கள், எட்டாவது வருஷம் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவான் என்றுதானே. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 19ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் ஒரு கோட்டும் கொஞ்சம் துணியும் திருடி மாட்டிய ஒருவனுக்கு இந்தத் தண்டனை கிடைத்தால், அவனை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகும் செலவு அரசாங்கத்துடையது. தண்டனை முடிந்து திரும்பி வரும் செலவு? அது அவன் பாடு. கையில் காசில்லாததால்தான் திருடியவன், உலகத்தின் மறு முனையிலிருந்து கப்பல் டிக்கெட் எடுத்து எப்படி வருவான்? அதனால் குடும்பம் மறுபடி சேர வேண்டுமென்றால் ஒரே வழிதான் மிச்சம், அவன் இங்கே வருவதை மறந்துவிட்டு இங்கே இருப்பவர்கள் அங்கே போவது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் இந்தச் சொல்லைப் பார்ப்போம். தமிழில் இதைத் தீவாந்தர தண்டனை என்று எழுதினார்கள், பழைய ஆட்களுக்கு அந்தமான் ஞாபகம் வரும். பிரிட்டிஷ்காரர்களுக்கு இது எல்லா இடத்திலும் கைக்கு வந்த ஆயுதம். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1802இல், சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் சேர்த்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். கிட்டத்தட்ட அதே வருஷங்களில், அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த 1798 கிளர்ச்சியில் பிடிபட்ட ஐரிஷ்காரர்கள் சிட்னிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கிளர்ச்சியின் கடைசித் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் டுவையர் 1806இல் சிட்னியில் இறங்கிய கப்பலின் பெயர் 'டெலிச்சேரி', அதாவது நம்ம மலபார் கரைத் தலச்சேரி. பேரரசு சின்னது என்று அவர்களுக்கே தோன்றியிருக்கும்.

சரி, சுருக்கமாக வரலாறு. 18ஆம் நூற்றாண்டில் கைதிகளை அமெரிக்கக் காலனிகளுக்கு அனுப்பினார்கள். 1776இல் அமெரிக்கா பிரிந்துபோனது, அந்தக் கதவு மூடியது. 1788இல் இங்கிலாந்திலிருந்து முதல் கப்பல் தொகுதி சிட்னி வந்தது. அயர்லாந்திலிருந்து நேராக வந்த முதல் கைதிக் கப்பல் 'குயின்', 1791இல் கார்க் துறைமுகத்திலிருந்து. 1868 வரை மொத்தம் 1,60,000க்கும் மேற்பட்ட கைதிகள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள், அதில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐரிஷ்காரர்கள் என்பது பொதுவான கணக்கு. அயர்லாந்திலிருந்து போன பெண்கள் மட்டும் சுமார் 9,000 பேர்.

எல்லாரும் புரட்சிக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஐரிஷ் கைதி என்றாலே நாட்டுக்காகப் போனவன் என்று ஒரு பிம்பம் இருக்கிறது, கொஞ்சம் மிகையான பிம்பம். நில வாடகைத் தகராறில் இரவில் கூட்டமாகப் போய் மிரட்டியவர்கள், ஆயுதம் வைத்திருந்தவர்கள், ஊரடங்குச் சட்டம் போட்ட மாவட்டத்தில் ராத்திரி வீட்டுக்கு வெளியே இருந்தவர்கள் எல்லாம் உண்டுதான். ஆனால் பெரும்பாலோர் திருட்டு வழக்கு, துணி, பணம், ஆடு, மாடு. 1838 வரை அயர்லாந்தில் ஏழைகளுக்கென்று அரசு நிவாரணச் சட்டமே இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். புருஷன் ஜெயிலுக்குப் போன அன்றைக்கே மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வேறு போக்கில்லை, பிச்சைதான், அல்லது சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை.

இனி ஒரு கற்பனை. 1830, நீங்கள் கால்வே பக்கம் ஒரு கூலிக்காரர், கல்யாணமாகி மூன்று பிள்ளைகள், வீட்டில் பேசுவது ஐரிஷ் மொழி, கோர்ட்டில் பேசுவது ஆங்கிலம். ஏழு வருஷம் என்று தீர்ப்பு. மாவட்டச் சிறையில் சில வாரங்கள். அதற்குள் உங்கள் மனைவி எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து டப்ளினில் இருக்கும் லார்ட் லெப்டினன்ட்டுக்கு, அதாவது அயர்லாந்து வைஸ்ராய்க்கு, ஒரு மனு போடுகிறார். எங்கள் வீட்டில் சம்பாதிப்பது இவர் ஒருவர்தான், முன்னால் எந்தக் கேஸும் கிடையாது, பங்குச் சாமியார் சாட்சி சொல்வார், தண்டனையைக் குறையுங்கள், முடியாவிட்டால் என்னையும் பிள்ளைகளையும் கூடவே அனுப்புங்கள். இந்த மாதிரி மனுக்கள் ஆயிரக்கணக்கில், அரசு அலுவலகம் இருந்த டப்ளின் கோட்டையில் குவிந்தன. பெரும்பாலானவற்றுக்குக் கிடைத்த பதிலைத் தமிழில் சொன்னால் நமக்கு நன்றாகவே பழக்கமான வாக்கியம்: சட்டம் தன் கடமையைச் செய்யும்.

அப்புறம் உங்களைக் கார்க்குக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கோவ் துறைமுகத்தில் 'சர்ப்ரைஸ்' என்ற பழைய போர்க்கப்பல், ஓட முடியாத நிலையில் நங்கூரம் போட்டு மிதக்கும் சிறையாக வைத்திருப்பது. டப்ளின் பக்கத்துக் கைதிகளுக்குக் கிங்ஸ்டவுனில் 'எஸ்ஸெக்ஸ்' என்று இன்னொன்று. உண்மையான கப்பல் வரும்வரை மாதக்கணக்கில் அதில் காத்திருக்க வேண்டும். மனைவி வந்து பார்க்க வேண்டுமென்றால் கால்வேயிலிருந்து கார்க் இருநூறு கிலோமீட்டர், கால்நடைதான்.

கடல் பயணம் ஆரம்ப காலத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இழுத்தது, 1830களில் நான்கு மாதம் அளவுக்கு வந்துவிட்டது. 1815க்குப் பிறகு ஒவ்வொரு கைதிக் கப்பலிலும் கடற்படை டாக்டர் ஒருவரைக் கைதிகளுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். அதனால் நடுக்கடல் சாவுகள் நிறையக் குறைந்தன. பயணத்தைவிட அது முடிந்த பிறகு நடப்பதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம்.

சிட்னியில் இறங்கியதும் உங்களைப் பற்றி ஒரு பதிவு போடுவார்கள், அதற்குப் பெயர் இண்டென்ட். நம்ம ஊர் ஆபீஸில் ஸ்டோர் ரூமுக்குச் சாமான் கேட்டுப் போடுகிற அதே சொல்தான், கைதியும் ஒரு சரக்கு மாதிரிதான் பதிவானான். பெயர், வயது, மதம், பிறந்த ஊர், தொழில், படிக்கத் தெரியுமா, என்ன குற்றம், எங்கே விசாரணை, எத்தனை வருஷம், உயரம், கண் நிறம், பச்சை குத்தியிருக்கிறதா, தழும்பு எங்கே. அதோடு கல்யாணமானவரா, எத்தனை பிள்ளைகள். இந்தக் கடைசி விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

பிறகு உங்களை ஒரு நிலக்காரரிடம் வேலைக்கு ஒதுக்கிவிடுவார்கள். சம்பளம் கிடையாது, சாப்பாடும் துணியும் மட்டும். ஒழுங்காக இருந்தால் ஏழு வருஷக் கைதிக்கு நான்கு வருஷத்தில், பதினான்கு வருஷக் கைதிக்கு ஆறில், ஆயுள் கைதிக்கு எட்டில் 'டிக்கெட் ஆஃப் லீவ்' என்ற ஒரு தாள் கிடைக்கும். விடுதலை இல்லை அது. ஒரு குறிப்பிட்ட வட்டாரத்துக்குள் உங்களுக்காக நீங்களே வேலை செய்து சம்பாதிக்கலாம், வட்டாரத்தைத் தாண்டக் கூடாது, அவ்வப்போது ஆஜராக வேண்டும். ஏழு வருஷம் முடிந்தால் விடுதலைச் சான்றிதழ். ஆயுள் கைதிக்குக் காலம் முடியவே முடியாது என்பதால் அவனுக்கு மன்னிப்பு ஒன்றே கதி, அதிலும் இரண்டு தினுசு. முழு மன்னிப்பு என்றால் எங்கேயும் போகலாம், ஊருக்கும்கூட. நிபந்தனை மன்னிப்பு என்றால் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் மட்டும் போகக் கூடாது. தண்டனைக் காலம் முடியாமல் ஊர் திரும்பிப் பிடிபட்டால் 1834 வரை சட்டத்தில் அதற்கு மரண தண்டனை.

ஆரம்ப காலத்தில் இன்னொரு கொடுமையும் இருந்தது. 'குயின்' முதலான சில ஐரிஷ் கப்பல்கள் கைதிகளின் தண்டனை விவரப் பட்டியல் இல்லாமலே வந்துவிட்டன. என் காலம் முடிந்துவிட்டது ஐயா என்று கைதி சொன்னால், அப்படியா, தாள் எங்கே என்று கேட்டார்கள். தாள் அயர்லாந்தில். அது வருகிற வரைக்கும் அவன் கைதிதான்.

காலம் முடிந்து தாளும் கிடைத்தவன் திரும்பலாம், சட்டம் தடுக்காது. கப்பலில் மாலுமி வேலை பார்த்துத் திரும்பிய ஆண்கள் உண்டு. 1798 கிளர்ச்சித் தலைவர் ஜோசப் ஹோல்ட் மன்னிப்பு வாங்கிக் குடும்பத்தோடு திரும்பும் வழியில், ஃபாக்லாந்து தீவுகளில் கப்பல் உடைந்து, அதையும் தாண்டி 1814இல் ஊர் போய்ச் சேர்ந்தார். ஆனால் இது விதிவிலக்கு. பெண் கைதிக்கு மாலுமி வேலை யார் கொடுப்பார்கள்? பெரும்பாலோர் திரும்பவே இல்லை. அதனால்தான் ஏழு வருஷம் என்று எழுதியிருந்தாலும் குடும்பங்கள் அதை ஆயுள் என்றே படித்தார்கள், ஊரில் அழுது வழியனுப்பியதைச் சாவு வீட்டுக்குச் சமமாக நினைத்தார்கள்.

இப்போது எதிர்த் திசைக்கு வருவோம். ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சமமே இல்லாத ஒரு காலனியை லண்டன் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி மக்கள் வந்தால் ஆள் குடிக்காமல், ஓடாமல், ஒரு இடத்தில் வேரூன்றுவான் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். (இரக்கமும் கொஞ்சம் இருந்திருக்கும், ஆனால் கோப்புகளில் தெரிவது பெரும்பாலும் கணக்குதான்.) அப்படி வந்ததுதான் கைதிகளின் குடும்பங்களுக்கு அரசு செலவில் இலவசக் கப்பல் பயணம்.

நடைமுறை இப்படி. மனுவைப் போட வேண்டியது காலனியில் இருக்கும் கைதி, ஆளுநருக்கு. நடத்தை நன்றாக இருக்க வேண்டும், குடும்பம் வந்தால் சோறு போட வக்கு இருக்க வேண்டும், அதற்கு எஜமானரோ மாஜிஸ்திரேட்டோ பாதிரியாரோ கையெழுத்துப் போட வேண்டும். மனைவி பெயர், எந்த ஊர், எந்தப் பங்கு, அங்கே அவளை அடையாளம் காட்டக்கூடிய பெரிய மனிதர் யார் என்றெல்லாம் எழுத வேண்டும். ஆளுநர் சரி என்றால் அந்தப் பட்டியல் கப்பலேறி லண்டன் போகும், லண்டனிலிருந்து டப்ளின், டப்ளினிலிருந்து அந்த வட்டார மாஜிஸ்திரேட் அல்லது சாமியார். அவர் அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, உன் புருஷன் கூப்பிடுகிறான், போகிறாயா என்று கேட்டு, பதில் எழுதி, அது மறுபடி டப்ளின். கப்பல் கிடைத்ததும் இன்ன தேதிக்குள் துறைமுகத்துக்கு வா என்று அவளுக்கு உத்தரவு. இதற்குள் இரண்டு மூன்று வருஷம் ஓடிவிடுவது சாதாரணம்.

அந்த இரண்டு மூன்று வருஷத்தில் என்னென்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் வீடு காலி செய்யப்பட்டு எங்கேயோ போயிருப்பாள். ஒரு பிள்ளை செத்திருக்கும். கிழவி அம்மாவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்பாள். அல்லது கடிதம் வந்த அன்று கப்பல் போய்விட்டிருக்கும். கடிதப் போக்குவரத்து என்பதே ஒரு தனிக் கஷ்டம்: எழுதத் தெரியாத கைதி சொல்லச் சொல்ல இன்னொருவன் எழுதி, அது நான்கைந்து மாதம் கடலில் கிடந்து வர, இங்கே படிக்கத் தெரியாத மனைவிக்கு மூன்றாவது ஆள் வாசித்துக் காட்ட வேண்டும், புருஷன் தன் வாயால் ஐரிஷில் சொல்லியிருக்கக்கூடியது ஆங்கிலமாக மாறி வந்து, மறுபடி ஐரிஷாக மாறி அவள் காதில் விழும். 1840க்கு முன்னால் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் தபால் கூலி கொடுக்க வேண்டும் என்பதால், காசில்லாமல் வாங்க முடியாமல் போன கடிதங்களும் இருந்திருக்கத்தானே வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாக் கைதியும் மனைவியைக் கூப்பிடவில்லை. கல்யாணம் ஆகவில்லை என்று பொய் சொல்லிப் பதிவுசெய்து, அங்கே புதிதாகக் கட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். கைதி கல்யாணம் செய்ய அரசு அனுமதி வாங்க வேண்டும், அப்போது குமாஸ்தா அந்த இண்டென்டைப் புரட்டிப் பார்ப்பார். மனைவி, மூன்று பிள்ளைகள் என்று அதில் இருந்தால் அனுமதி கிடையாது. ஊரிலிருந்து மனைவி செத்துவிட்டாள் என்று கடிதம் வந்திருக்கிறது என்று காட்டினால் கிடைக்கலாம், அப்படிக் காட்டிய கடிதங்கள் எல்லாம் நிஜமா என்று அதிகாரிகளுக்கே சந்தேகம் இருந்தது. புருஷன் கடலுக்கு அப்பால் போய் ஏழு வருஷம் ஆனால் மறுமணம் குற்றமில்லை என்ற பழைய சட்ட விதிவிலக்கை நம்பி ஊரிலும் பல மனைவிகள் வேறு வாழ்க்கை பார்த்துக்கொண்டார்கள். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

புறப்பட்டு வந்த மனைவிகளைப் பெரும்பாலும் பெண் கைதிகளின் கப்பலிலேயே ஏற்றினார்கள், கைதியாக இல்லாமல் சுதந்திரப் பயணிகளாக. 1835 ஜனவரியில் கார்க்கிலிருந்து கிளம்பிய 'நீவா' அப்படி ஒரு கப்பல். 150 பெண் கைதிகள், அவர்களுடைய குழந்தைகள், கூடவே கைதிகளின் மனைவிகளாக இருக்கலாம் என்று கருதப்படுகிற ஒன்பது சுதந்திரப் பெண்களும் அவர்கள் பிள்ளைகளும். மாலுமிகளையும் சேர்த்துச் சுமார் 240 பேர். நான்கு மாதம் நல்லபடியாகக் கடந்துவிட்டார்கள். சிட்னிக்குக் கொஞ்ச தூரமே பாக்கி இருந்தபோது, மே மாதம், பாஸ் நீரிணையில் கிங் தீவு அருகே பாறையில் மோதியது. கடைசியில் உயிரோடு மீட்கப்பட்டவர்கள் பதினைந்து பேர்.

பெண் கைதிகளின் நிலைமை வேறு மாதிரி. கைக்குழந்தைகளையும் சின்னப் பிள்ளைகளையும் சில சமயம் கூடக் கொண்டுபோக விட்டார்கள். ஆனால் டாஸ்மேனியாவின் ஹோபார்ட்டில் இறங்கியதும் தாய் பெண்கள் சிறைக்கு, அங்கே அதற்குத் தொழிற்சாலை என்றுதான் பெயர். பால்குடி மறந்த பிள்ளை நியூ டவுனில் இருந்த அநாதைப் பள்ளிக்கு. அம்மா உயிரோடு ஒரே ஊரில் இருக்கும்போதே அநாதை என்று பெயர்.

1845இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் தொடங்கிய பிறகு விஷயம் தலைகீழாகிவிட்டது. நாடுகடத்தல் தண்டனை என்பது சாப்பாடு கிடைக்கும் இடம் என்று ஆனது. வேண்டுமென்றே வைக்கோல் போருக்குத் தீ வைத்துவிட்டு, கப்பலேற்றுங்கள் என்று கோர்ட்டில் நின்ற பெண்கள் உண்டு. தண்டனைக்குப் பயப்பட வேண்டிய இடத்தில் தண்டனைக்கு வரிசை நின்றால் அந்த நாட்டின் நிலைமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் சென்னைக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. கரோலைன் சிஷோம் என்ற ஆங்கிலப் பெண்மணி, கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரியாக இருந்தவரின் மனைவி, 1830களில் மதராஸில் வசித்து, அங்கே ஐரோப்பியச் சிப்பாய்களின் பெண் பிள்ளைகளுக்கு ஒரு தொழில் பள்ளி நடத்தினார். 1838இல் சிட்னி போனவர், வேலையில்லாமல் தெருவில் நின்ற குடியேறிப் பெண்களுக்கு இடம் தேடிக் கொடுத்தார். 1846இல் இங்கிலாந்து திரும்பியபோது அவர் எடுத்த முதல் வேலைகளில் ஒன்று, விடுதலையான கைதிகளுக்கு வாக்குக் கொடுத்தபடி அவர்களுடைய மனைவி மக்களையும், பெற்றோர் விட்டுப்போன பிள்ளைகளையும் அரசு செலவில் அனுப்ப வேண்டும் என்று அதிகாரிகளை நச்சரித்தது. நச்சரித்து அனுப்பவும் வைத்தார்.

பணமும் பெயரும் இருந்தவர்கள் கதை வேறு. 1848இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த ஐரிஷ் கிளர்ச்சியாளர்களில் ஜான் மிட்செலுக்குப் பதினான்கு வருஷம். பெர்முடா, நன்னம்பிக்கை முனை என்று சுற்றி 1850இல் வான் டீமன்ஸ் லேண்டுக்கு, அதாவது இன்றைய டாஸ்மேனியாவுக்கு, வந்து சேர்ந்தார். அடுத்த வருஷமே மனைவி ஜென்னி பிள்ளைகளோடு வந்துவிட்டார், பாத்வெல் என்ற ஊர்ப் பக்கம் பண்ணை வீட்டில் குடித்தனம். மனுவும் இல்லை, சாமியார் கையெழுத்தும் இல்லை. 1853இல் மிட்செல் அமெரிக்காவுக்குத் தப்பியும் போனார். அவருடைய தோழர் வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன் கதையில்தான் அந்த இரண்டு தினுசு மன்னிப்பு நன்றாகப் புரியும். ஆயுள் தண்டனை, மனைவி லூசியும் ஏழு பிள்ளைகளும் அயர்லாந்திலேயே இருந்துவிட்டார்கள். 1854இல் நிபந்தனை மன்னிப்பு கிடைத்தது. ஐரோப்பா வரைக்கும் வரலாம், வீட்டுக்கு வரக் கூடாது. குடும்பம் கடல் தாண்டிப் பிரஸ்ஸல்ஸ் போய் அவரைப் பார்த்தது. முழு மன்னிப்பு வந்து ஊர் மண்ணை மிதித்தது 1856இல்.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840இல் நின்றது, டாஸ்மேனியாவுக்கு 1853இல். கடைசிக் கப்பல் 'ஹூகுமான்ட்' 1868 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலில் நின்றது, அதில் 62 ஃபீனியன்கள், அதாவது அயர்லாந்து விடுதலைக்காகப் போராடிய ரகசிய இயக்கத்தினர்.

இன்று ஆஸ்திரேலியாவில் தங்கள் முன்னோரைத் தேடுகிறவர்கள் கடைசியில் டப்ளின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குத்தான் வருகிறார்கள். 1836க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகள் 1922 உள்நாட்டுப் போரில் எரிந்துபோயின. மனுக்கள் டப்ளின் கோட்டையில் தனியாக இருந்ததால் நிறையத் தப்பின. அவற்றைப் படம்பிடித்து 1988இல், ஆஸ்திரேலியாவின் இருநூறாவது ஆண்டுக்கு, அயர்லாந்து அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது. அதில் இலவசப் பயணம் கேட்ட குடும்பங்களின் தாள்கள் ஒரு தனித் தொகுப்பு, பெயரே 'சுதந்திரக் குடியேறிகள் தாள்கள்'. கணவன் பெயர், அவன் போன கப்பல், மனைவி இருக்கும் ஊர், பிள்ளைகளின் வயது எல்லாம் அதில் கிடைக்கும். அவள் வந்து சேர்ந்தாளா என்று தெரிய சிட்னி பக்கத்துக் கப்பல் பட்டியலைப் பார்க்க வேண்டும், பல பேருக்குத் தேடல் அங்கே நின்றுவிடுகிறது.